அமிலத்தில் ஊறிய பட்டைகள்

அக்கா இறந்துபோன வருடம் நான் கல்கத்தாவில், ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. கண்ணாடி நாரையும் ரெசின் என்ற பிசினையும் சேர்த்துச் செய்யும் தகடுகள் தண்ணீரிலும் அமிலத்திலும் கிடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்பது என் வேலை. ஃபைபர் என்று எல்லோரும் சொல்லும் பொருள்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, பஸ் இருக்கை, படகு எல்லாம் அதில் வந்துவிட்டன. துருப்பிடிக்காது, அழுகாது என்று சொல்லித்தான் விற்பார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் அதற்கென்று வேறு நோய்கள் இருக்கின்றன.

தகட்டை விரல் அகலப் பட்டைகளாக அறுப்பேன். அறுத்த விளிம்பில் நார் முனைகள் வெளியே தெரியும். அந்த வழியாகத் தண்ணீர் ஏறிவிடக்கூடாது என்று ரெசின் பூசி அடைப்பேன். பிறகு பாதிப் பட்டைகளைக் காய்ச்சி வடித்த தண்ணீரிலும், மீதியை நீர் கலந்த கந்தக அமிலத்திலும் ஜாடிகளில் போட்டு மூடுவேன். அவ்வப்போது ஒவ்வொன்றாக எடுத்து, ஒற்றுத்தாளில் ஒற்றி, எடைபோடுவேன். அந்தத் தராசுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு. மின்விசிறி ஓடினால் முள் நிற்காது. கல்கத்தா மழைக்காலத்தில் விசிறியை அணைத்துவிட்டு எடைபோடுவது ஒரு தண்டனை. நெற்றி வியர்வை பட்டையில் சொட்டினால் அன்றைய வேலை போச்சு. எடைபோட்ட பட்டைகளில் சிலவற்றை எந்திரத்தில் வைத்து வளைத்து உடைப்பேன். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்பதுதான் கடைசியில் தேவைப்படும் விஷயம்.

எங்கள் வீடு கார்டன் ரீச்சில். அப்பாவுக்கு ரயில்வே ஆபீஸில் உத்தியோகம், அதனால் குவார்ட்டர்ஸ். அங்கிருந்து ஜாதவ்பூர் போய்வர இரண்டு பஸ் மாறி உடம்பு நொந்துவிடும் என்பதால், வாரநாள்களில் லேக் கார்டன்ஸில் இருந்த அக்கா வீட்டில் தங்கிக்கொள்வேன். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் கணவர், என் அத்தான், தூத்துக்குடிக்காரர். ஆற்றோரத்தில் கப்பலும் படகும் ரிப்பேர் செய்யும் ஒரு தனியார் கம்பெனியில் வேலை. குழந்தை இல்லை. கல்யாணமாகிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. யாரும் அதைப் பெரிதாகப் பேச ஆரம்பிக்கவில்லை.

ஒரு ஆகஸ்டில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஒரு வாரம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாரோ என்று நினைத்து, வங்காள மொழியில் "உட்காரு" என்றாள். கேவராதலா சுடுகாட்டில் மின்தகனம். மழை. அத்தான் குடையை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். நான் அழவில்லை. அழுகையை அடக்கவும் இல்லை. அது வரவில்லை, அவ்வளவுதான். அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்து, "இவளை அழவைக்கணும், இல்லன்னா ஆகாது" என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழுந்தது. யாரைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று இருந்தது.

காரியங்கள் முடிந்ததும் லேபுக்குப் போய்விட்டேன். என் வழிகாட்டிப் பேராசிரியர் ஒரு வங்காளி. அதிகம் பேசமாட்டார். என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரு மாசம் லீவு எடுத்துக்கோ. ஜாடி எங்கேயும் போயிடாது."

"வேண்டாம் ஸார். எடைபோட வேண்டிய நாள் தாண்டிப் போச்சு."

அவர் தலையை ஆட்டிவிட்டு, வெளியே ஆளை அனுப்பி மண் குவளையில் டீ வரவழைத்துக் கொடுத்தார். நான் குடித்தேன். சூடு நாக்கைச் சுட்டது என்பது, மேல்தோல் உரிந்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பட்டைகள் அப்போது காட்டியது இது. தண்ணீரில் கிடந்தவை எடை கூடிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் நின்றன. ரெசின் தண்ணீரைக் குடித்து லேசாக உப்பி, மெத்தென்று ஆகும். உடைத்துப் பார்த்தால் பலம் குறைந்திருக்கும். ஆனால் அதோடு கிடந்த இன்னொரு பட்டையை லேபின் மின்னடுப்பில் வைத்து மெல்லக் காயவைத்து உடைத்தால், போன பலத்தில் பெரும்பங்கு திரும்பியிருக்கும். அமிலத்தில் கிடந்தவை வேறு மாதிரி. எடையில் பெரிய மாற்றம் இராது. பார்க்கவும் முன்போலவே இருக்கும், நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கலாம். ஆனால் உள்ளே கண்ணாடி நாரிலிருந்து கால்சியத்தையும் அலுமினியத்தையும் அமிலம் உருவி எடுத்திருக்கும். நார் பழைய வடிவத்திலேயே இருக்கும், வலு இருக்காது. காயவைத்தாலும் திரும்பாது. இதையெல்லாம் நான் சரியாகக் குறித்து வைத்தேன். அந்த மாதங்களில் நான் எடுத்த அளவுகளில் ஒரு தப்புக்கூட இல்லை என்று பின்னால் ஸார் சொன்னார். சாப்பிட்டேனா இல்லையா என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஸார் எனக்கு இன்னொரு சோதனையும் கொடுத்தார். பட்டையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையில் எடை தொங்கவிட வேண்டும். வளைந்து இழுபடும் மேல்பக்கத்தில் மெழுகால் சிறு கிண்ணம் கட்டி, அமிலம் ஊற்ற வேண்டும். வெறும் காற்றில் அந்தப் பாரத்தை அது வருடக்கணக்கில் தாங்கும். அமிலம் பட்டால் தாங்காது. எப்போது என்பதுதான் கேள்வி. உடைந்து எடை விழும் இடத்தில் மணல் தட்டு, அதோடு இணைத்த ஒரு பேட்டரிக் கடிகாரம். எடை விழுந்ததும் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் உட்கார்ந்திருந்தேன். லோட்ஷெடிங்கில் விளக்கு போனாலும் எழுந்திருக்கமாட்டேன்.

இப்போது கார்டன் ரீச்சிலிருந்தே போய்வந்தேன். லேக் கார்டன்ஸ் வீட்டில் அத்தான் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போவார். துர்கா பூஜை முடிந்த ஒரு ஞாயிறு, அவர் போனபிறகு அம்மா கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்க வந்து உக்காரு. அப்பா ஒண்ணு பேசணுங்காக."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். மடித்த பேப்பரைத் திரும்ப மடித்தார்.

"எனக்கு ரிட்டயர்மெண்டு வரப்போகு. ஊருக்குப் போயிருவோம். உன்ன இங்க யாருகிட்ட விட்டுட்டுப் போக? அவரு நமக்குத் தெரிஞ்ச மனுஷன். தங்கமான குணம். வெளிய மாப்பிள்ள தேடி, அது எப்படி அமையுமோ. அவருக்கும் ஒரு துணை வேணும்லா. நீ என்ன சொல்லுத?"

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இது புதிதல்ல. அக்கா போன இடத்துக்குத் தங்கை போவதை நாலு வீட்டில் பார்த்திருக்கிறேன். யோசிக்க வேண்டும் என்று தெரிந்தது. யோசிக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. வாசலில் காய்கறிக்காரன் வங்காளத்தில் கூவிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். வருடம் திரும்பட்டும், அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. அத்தானிடம் அப்பா பேசினார். அவர் மறுத்தும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. "நீங்க பாத்துச் செய்ங்க மாமா" என்று மட்டும் சொன்னாராம்.

குளிர் ஆரம்பித்தபோது அத்தான் வேலைசெய்த கம்பெனிக்குப் பழைய ஃபைபர் படகு ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஒரு கப்பலின் உயிர்காப்புப் படகு. அடிப்பக்கம் முழுக்கக் கொப்புளம். "இது உன் விஷயம்தான, வந்து பாத்துட்டுச் சொல்லேன்" என்றார். அம்மா சந்தோஷமாக அனுப்பினாள். நாங்கள் பேசிப் பழகட்டும் என்று நினைத்திருப்பாள்.

படகைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். ஆற்றில் சேறும் டீசலும் கலந்த வாசனை. வெள்ளைப் பூச்சின் மேல் கைவைத்துத் தடவினால் தோலில் அம்மை போட்டது போல மேடு மேடாக இருந்தது. அத்தான் ஒரு குத்தூசியால் ஒரு கொப்புளத்தைக் குத்தினார். உள்ளே அழுத்தம் இருந்திருக்கிறது. திரவம் பீய்ச்சி அவர் சட்டையில் தெறித்தது. அவர் ஒரு கணம் சிரித்துவிட்டார். உடனே அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். விரலை மோந்து பார்த்தார்.

"வினிகர் வாசன அடிக்கி?"

"ஆமா. உள்ள போறது வெறும் தண்ணிதான் அத்தான். ரெசின்ல சேராம மிச்சம் நிக்கிறதையெல்லாம் அது கரைக்கும். கரைச்சதும் அதுவே புளிச்சு அமிலமாயிரும். அது இன்னும் தண்ணிய உள்ள இழுக்கும். அப்பிடித்தான் உப்புது."

"வெளியில இருந்து யாரும் அமிலம் ஊத்தல?"

"யாரும் ஊத்தல."

"காயவச்சா சரியாயிருமா?"

"மேல்பூச்சச் சுரண்டி எடுத்துட்டு நல்லாக் காயவச்சுப் பூசணும். நாரு வரைக்கும் போயிருந்தா சொல்ல முடியாது. ஒரு துண்டு அறுத்துத் தாங்க, உடைச்சுப் பாக்கேன்."

அன்று நான் பேசியதுதான் அந்த மாதங்களில் நான் அதிகமாகப் பேசியது. அத்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கிதிர்ப்பூர் வரைக்கும் ஒன்றாக வந்தோம். அவர் இறங்கும்போது எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்திருந்ததைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், அறுத்த துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு லேபுக்கு வந்தார். ஸார் வகுப்புக்குப் போயிருந்தார். அத்தான் எனக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பாரம் தொங்கிய பட்டைகள் வரிசையாக வளைந்து நின்றன.

"ஒண்ணு கேக்கணும். மாமா சொன்னதுக்கு நீ சரின்னியாம்."

"ஆமா."

"ஏன்?"

"கேட்டாக. சொன்னேன்" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது ஒரு பட்டை டக்கென்று முறிந்து, எடை மணலில் விழுந்தது. முன்னறிவிப்பு எதுவும் இராது. விரிசல் சத்தமோ முனகலோ இராது. அத்தான் துள்ளி எழுந்துவிட்டார். ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துவிட்டு, கிண்ணத்திலிருந்த அமிலத்தை வழித்து, உடைந்த துண்டுகளைக் கழுவினேன். நிமிர்ந்தபோது அவர் இன்னும் நின்றபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தூக்கிவாரிப் போடலியா?"

"இல்ல."

"கண்ணுகூட இமைக்கல நீ."

நான் துண்டுகளை ஒற்றுத்தாளில் வைத்தேன். அவர் மெல்ல ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். சாதாரணமாக ஃபைபர் உடைந்தால் பிரஷ் மாதிரி நார் நாராகப் பிய்ந்து நிற்கும். இது சாக்பீஸ் உடைந்த மாதிரி வழவழவென்று இருந்தது.

"இவ்வளவு சுத்தமாவா உடையும்? நாமளும் இப்பிடித்தான் ஆயிட்டோம் போல."

"அத்தான், அது வெறும் பட்டை."

அவர் துண்டைக் கீழே வைத்துவிட்டார்.

"வீட்டுக் கொடியில உங்கக்கா சேல இன்னும் கிடக்கு. எடுக்கல. அதுக்குக் கீழ நீ வந்து நிக்கத நெனச்சுப் பாக்கேன், எனக்கு மூச்சு முட்டுது. உன்ன எனக்கு அவ தங்கச்சியாத்தான் தெரியும். வேற மாதிரி பாக்க வரல."

"எனக்கும் அப்பிடித்தான்."

"பின்ன ஏன் சரின்ன?"

"வேண்டாம்னு சொல்லவும் ஒண்ணும் தோணல அத்தான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறார் என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்குள் எதுவும் அசையவில்லை. ஆனால் அவரை அப்படியே விட்டுவிட்டு ஜாடி கழுவப் போகக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. அதனால் உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன். குடித்தார். "நான் மாமாகிட்ட வந்து பேசுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார முடிவில் வந்தார். அப்பா எதிரே உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"மாமா, இது எனக்கு வேண்டாம். என்னால முடியாது. தப்பு என் மேலதான்னு வச்சுக்கங்க."

அப்பாவின் முகம் கறுத்தது. "வருஷம் திரும்பட்டும்னு சொல்லி வச்சிருக்கோம். ஊர்லயும் ரெண்டு பேருக்குத் தெரியும். இப்ப வந்து வேண்டாம்னா? என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்?"

அத்தான் எல்லாவற்றையும் தன் தலையில் வாங்கிக்கொண்டு எழுந்துபோய்விடத் தயாராக இருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, எனக்கும் வேண்டாம்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "அன்னைக்குச் சரின்னியே?"

"அன்னைக்கு நீங்க கேட்டீங்க, சொன்னேன். இன்னைக்குக் கேக்காமலே சொல்லுதேன். வேண்டாம்ப்பா."

சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அதுகூட ஏதோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோலத்தான் இருந்தது. அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மா அத்தானைப் பார்த்து, "எந்திரிக்காதீங்க. தோசை ஊத்துதேன். சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். அவர் சாப்பிட்டார். நான்தான் சட்னி ஊற்றினேன்.

அப்பா அவரிடம் வெகுகாலம் பேசவில்லை. ஓய்வுபெற்று பாளையங்கோட்டைக்குப் போனார்கள். நான் போகவில்லை. பெண்கள் ஹாஸ்டலில் இருந்து ஆராய்ச்சியை முடித்தேன். வாய்மொழித் தேர்வில், அமிலம் இல்லாத வெறும் தண்ணீரையும் பாரத்தையும் சேர்த்து ஏன் ஆராயவில்லை என்று கேட்டார்கள். உள்ளதைச் சொன்னேன், நேரம் இல்லை. பட்டம் கொடுத்தார்கள். அதன்பின் தொழிற்சாலைகளில் ஃபைபர் தொட்டிகளையும் குழாய்களையும் பரிசோதிக்கும் வேலை கிடைத்தது. இந்தியா முழுக்க அமிலத் தொட்டிகளுக்குள் டார்ச்சுடன் இறங்கியிருக்கிறேன். மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். அடுக்கு விட்டுப்போன இடத்தில் சத்தம் மந்தமாக வரும். எனக்கு அந்த வேலை ஒத்துப்போயிற்று. கல்யாணம் பேசினார்கள், அமையவில்லை. அமையாததில் எனக்குப் பெரிய வருத்தம் ஏற்பட்டதாகவும் நினைவில்லை. நன்றாகத்தான் இருந்தேன். வேலை, வாடகை வீடு, மீன் வாங்கினால் சண்டைபோட ஒரு மீன்காரி. அக்காவைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. பேசக்கூடாது என்றில்லை. யாரும் கேட்கவில்லை.

அத்தான் விசாகப்பட்டினத்துக்கு வேலை மாறிப் போனார். சில வருடம் கழித்து அங்கேயே ஒரு தெலுங்குப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். போனில் சொன்னார். "நல்லது அத்தான்" என்றேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை விசாகப்பட்டினத்தில் எனக்கு வேலை வந்தது. ஒரு தொழிற்சாலையின் தொட்டி. விஷயம் தெரிந்து அத்தான் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொன்னார். தலை நரைத்திருந்தது. அவர் மனைவி என்னைவிட இளையவள். தமிழ் கொஞ்சம் தெரியும், கொஞ்சம் இட்டுக்கட்டிப் பேசுவாள். பப்பு என்கிற பருப்பும் புளிச்சகீரைக் கோங்குராவும் நெய்யும் ஊற்றிச் சோறு போட்டாள். தயிர் இல்லை என்று அத்தான் கடைக்குக் கிளம்பினார். அவர் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனதும், அவள் எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா பத்தி இவர் எதுவும் பேசமாட்டாரு. போட்டோ இருக்கு, அவ்வளவுதான். நானும் கேட்டுக் கஷ்டப்படுத்தறதில்ல. உங்ககிட்ட கேக்கலாமா? எப்படி இருப்பாங்க அவங்க?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. சீட்டு விளையாடினால் அழுகுணி ஆட்டம் ஆடுவாள் என்றேன். அவள் சிரித்தாள். பல்லி என்றால் பயம், ஒருதடவை பல்லிக்குப் பயந்து பக்கத்து வீட்டு வங்காள மாமியின் கட்டிலில் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள் என்றேன். கணக்கு டீச்சர், ஆனால் பால்காரனிடம் மட்டும் எப்போதும் ஏமாந்துவிடுவாள். வங்காளம் பேசினால் அதில் திருநெல்வேலி கேட்கும். புச்கா என்கிற பானிபூரிக் கடையில் கடைசி ஒன்றை இலவசமாக வாங்காமல் நகரமாட்டாள். மழையில் ஆட்டோவுக்கு நின்றால் எனக்குக் குடையைப் பிடித்துவிட்டுத் தான் நனைவாள், பிறகு இரண்டு நாள் தும்மிக்கொண்டு என்னைத் திட்டுவாள்.

அத்தான் தயிரோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். நான் நிறுத்தவில்லை. என் குரல் கரகரத்தது, மூக்கு ஒழுகியது, இடது கையால் துடைத்துக்கொண்டே பேசினேன். வலது கையில் பப்பு காய்ந்து தோலை இழுத்தது. அவள் எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீரும் கிண்ணமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.